நோயுற்ற இல்லத்தில் விருந்தோம்பல்

(இல்லறத்தார்க்கான சுவாத்தியாயப் பாடம்)

இல்லறத்தில் நிற்கும் சிராவகர்க்கு உரியனவாக ஆசாரியர்கள் வகுத்தருளிய விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு என்பது அவற்றின் தொகை. இவற்றுள் இறுதியாக நிற்பது, தகுதியுடையோர்க்கு உணவு முதலியன அளித்துப் பேணும் விரதமாகும். இதனைத் தத்துவார்த்த சூத்திரம் அதிதி சம்விபாகம் என்றும், ஆசாரிய சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் வையாவிருத்தியம் என்றும் வழங்கும்.

இவ்விரதத்தின் பெருமையைப் பலமுறை பேசியும் எழுதியும் வந்த யாம், எம் இல்லத்திலேயே அதனைப் பிழைபட நோற்றோம். பிறர் பிழையை எடுத்துக்காட்டிப் பாடம் சொல்வதினும் தம் பிழையைக் காட்டிச் சொல்வது நேர்மையாதலின், அதனையே இங்குப் பாடமாக வைக்கின்றோம். நம் இல்லங்கள் பலவற்றில் முடக்குவாதம், நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நெடுநாள் நோயுடையோர் உள்ளனர். அவர்தம் கைகளால்தான் பெரும்பாலும் நம் பாரணைகளும் விருந்துகளும் நடைபெறுகின்றன. ஆகவே இச்செய்தி எம் இல்லத்தோடு நிற்பதன்று எனக் கருதுகின்றோம்.

1. நிகழ்ந்தது

தசலட்சணப் பருவத்தில் எம் தமக்கையார் பத்து நாளும் உபவாசம் இருந்தார். கொதித்தாறிய நீரன்றி வேறொன்றும் கொள்ளவில்லை. பதினோராம் நாள் காலையில் அவர்தம் பாரணையை எம் இல்லத்தில் நடத்துவதென முடிவு செய்தோம்.

எம் துணைவியார்க்குப் பதினோர் ஆண்டுகளாக முடக்குவாதம். விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கி வலிக்கும். காலையில் எழுந்தவுடன் விரல்கள் மடங்கா. ஒரு டம்ளர் நீரை எடுக்க இரு கைகளும் வேண்டும். வெயில் ஏறிய பின்னரே கைகள் சற்று இளகும். இஃது எமக்குத் தெரியாததன்று.

ஆயினும் முந்திய ஆண்டு எம் ஊரில் வேறோர் இல்லத்தார் நடத்திய பாரணைக்கு அறுபதின்மர் வந்திருந்தனர் என்பது எம் நெஞ்சில் நின்றது. யாம் ஐம்பதின்மரை அழைத்தோம். மூன்று நாள் முன்னதாகத் துணைவியார், “இந்த வாரம் கை சரியாக இல்லை, பத்துப் பேரோடு நிறுத்திக்கொள்ளலாமா?” என்று கேட்டார். “அழைத்தாயிற்று. ஒரு நாள்தானே, பொறுத்துக்கொள்” என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை.

நம் வழக்கப்படி இரவில் சமையல் இல்லை. இரவு கடந்த சமையலைப் பாரணைக்கு வைப்பதும் இல்லை. எனவே அவ்வளவு உணவும் விடிந்த பின்னரே ஆக வேண்டும். அதாவது அவர் கைகள் எப்பொழுதில் முற்றிலும் முடங்கியிருக்குமோ அப்பொழுதிலேயே தேங்காய் துருவவும், காய் நறுக்கவும், அண்டாவை இறக்கவும் வேண்டும். இருள் பிரியுமுன் எழுந்து வெந்நீரில் கைகளை அமிழ்த்தி விரல்களை இளக்கிக்கொண்டு வேலையில் இறங்கினார். ஜினாலய தரிசனம் முடித்து எட்டு மணிக்கு அனைவரும் வந்தபோது பொரியல், கூட்டு, வடை, பாயசம் என எல்லாம் இலையில் இருந்தன. எமக்குப் பெருமிதம்.

பந்தியில் உறவினர் ஒருவர் அருகிலிருந்தவரிடம், “வீட்டம்மாள் முகத்தில் சிரிப்பே இல்லையே, நாம் வந்தது பிடிக்கவில்லை போலும்” என்று மெல்லக் கூறியது எம் காதில் விழுந்தது. யாம் அவரைத் திருத்தவில்லை. மாறாக, அடுக்களைக்குச் சென்று, “சற்று முகமலர்ச்சியோடு இரு” என்று துணைவியாரிடம் கூறினோம். இதனை எழுதும்போது எம் கை கூசுகின்றது.

அனைவரும் விடைபெற்றபோது பிற்பகலாகிவிட்டது. துணைவியார் சுவரோரம் படுத்தவர் எழவில்லை. கதிரவன் மறைவதற்குள் அவருக்கு ஒரு கவளம் ஊட்டிவிட வேண்டும் என்று எம்மில் எவர்க்கும் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை. உணவுக்குப்பின் கொள்ளும் மாத்திரையும் அன்று தவறியது. பத்து நாள் உபவாசம் இருந்தவர் உண்டார், ஐம்பதின்மர் உண்டனர், சமைத்தவர் அன்று உண்ணாமலே உறங்கினார்.

ஒன்பது நாள் அவர் படுக்கையில் இருந்தார். ஒரு நாள், “யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எந்தப் பாத்திரம் எவ்வளவு கனம் என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது” என்றார். அச்சொல்லே எம்மை மீண்டும் நூல்களின் முன் அமரச் செய்தது.

2. நோயின் இயல்பு

நூற்பொருளைக் காணுமுன் நோயின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். முடக்குவாதம் முதுமையால் மூட்டு தேய்வது அன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தன் மூட்டுகளின் உட்சவ்வைப் பகையெனக் கருதித் தாக்குவதால் விளைவது அது. கை விரல், மணிக்கட்டு, பாதம் ஆகியவற்றின் சிறு மூட்டுகளை இரு பக்கமும் ஒருங்கே பற்றும் இயல்பினது. காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது இதன் அடையாளங்களுள் ஒன்று. மூட்டு வலியோடு உடல் முழுதும் சோர்வும் உண்டு. 2019ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 80 லட்சம் மக்கள் இந்நோயோடு வாழ்ந்தனர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் பெண்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இந்நோயில் நல்ல நாளும் தீய நாளும் மாறி மாறி வரும். எந்நாள் எத்தகையது என முன்கூட்டி அறிய இயலாது. நேற்று தண்ணீர்க்குடம் தூக்கியவர் இன்று கதவுத் தாழைத் திறக்க இயலாதிருப்பார். இதனை அறியாதோர், “நேற்று நன்றாகத்தானே இருந்தாய்” என்பர். காயமும் காய்ச்சலும் பிறர் கண்ணுக்குத் தெரியும். இந்நோயின் வலியோ முகத்தில் ஒரு சுளிப்பாக மட்டுமே வெளிப்படும். திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம், வந்தவரின் உள்ளம் மலரினும் மென்மையானது என்றும், இல்லத்தாரின் முகமாற்றமே அதனை வாடச் செய்யும் என்றும் உணர்த்துகின்றது. வலியால் சுளித்த முகத்தை வெறுப்பால் சுளித்ததாக விருந்தினர் கொள்வராயின், வருந்தி உழைத்தவர்க்கும் துன்பம், வந்தவர்க்கும் துன்பம். உண்மையை முன்னரே கூறியிருந்தால் இரண்டும் நேர்ந்திரா.

3. நூல்கள் உணர்த்துவது

முதலாவது, சமந்தபத்திரர் இவ்விரதத்துக்கு வையாவிருத்தியம் என்று பெயரிட்டதன் நுட்பம். தவத்தோர்க்கு உணவளித்தல் மட்டுமன்றி, நற்குணத்தில் உள்ள அன்பினால் அவர்தம் இடர் களைதலும், கால் பிடித்துவிடுதலும், இயன்ற உதவிகள் யாவும் புரிதலும் வையாவிருத்தியமே என்று அவர் விரித்துரைக்கின்றார். தத்துவார்த்த சூத்திரம் அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வையாவிருத்தியத்தை வைத்து, அதனைப் பெறுதற்குரியோர் பதின்மரை எண்ணுகின்றது. அவர்களுள் ஒருவர் கிலானர், அதாவது பிணியுற்ற துறவி. முனிவர்க்கே பிணியில் பணிவிடை வேண்டும் என்றால் இல்லறத்தார்க்கு வேண்டாவோ?

உணவளித்தலும் பிணியுற்றோரைப் பேணுதலும் ஒரே விரதத்தின் இரு பகுதிகள். ஒரு பகுதியை நிறைவேற்ற மறுபகுதியை முறிப்பது விரதமாகாது. தானம் நான்கென்பர்: ஆகாரதானம், ஔடததானம், சாஸ்திரதானம், அபயதானம். யாமோ ஆகாரதானத்தின் பெயரால், ஔடததானத்துக்கு உரியவரை வருத்தினோம்.

இரண்டாவது, ஆற்றலின் அளவு. தீர்த்தங்கர நாமகருமத்துக்குக் காரணமாகிய பதினாறு பாவனைகளுள் தியாகத்தையும் தவத்தையும் கூறுமிடத்து, சூத்திரகாரர் ‘சக்திக்கேற்ப’ என்னும் அடையை இணைத்தே கூறுகின்றார். ஆற்றலை ஒளித்துச் சோம்பியிருத்தலும் கூடாது. ஆற்றலை மீறி உடலை முறித்துக்கொள்ளுதலும் கூடாது. இவ்வடை எம் போன்றோர்க்காகவே வைக்கப்பட்டது போலும்! அதிலும் யாம் மீறியது எம் ஆற்றலை அன்று. பிறர் ஒருவரின் ஆற்றலை. தன் உடலை வருத்தித் தவம் செய்பவரேனும் தன் விருப்பத்தால் செய்கின்றார். மற்றவர் உடலைக்கொண்டு புண்ணியம் ஈட்ட நினைப்பது எவ்வகையிலும் தவமாகாது.

மூன்றாவது, மனத்தின் நிலை. நால்வகை ஆர்த்தத் தியானங்களுள் ஒன்று, உடல் வேதனையையே இடைவிடாது நினைத்திருத்தல். அளிப்பவர் மனம் மகிழ்ச்சியிலும் அன்பிலும் நிற்பதே தானத்தின் உயிர். எம் துணைவியார்க்கு அந்நாள் முழுதும் நினைக்க வாய்த்தது வலியொன்றே. தானநாளை அவர்க்கு ஆர்த்தத் தியான நாளாக ஆக்கியவர் யாம்.

நான்காவது, அதிசாரங்கள். இவ்விரதத்துக்குச் சமந்தபத்திரர் காட்டும் ஐந்து குற்றங்களுள் அனாதரம், அஸ்மரணம், மாத்சரியம் என்பன மூன்று. அனாதரம் அன்பும் மதிப்பும் இன்றி அளித்தல், அஸ்மரணம் மறதி, மாத்சரியம் பிறர் அளிப்பது கண்டு பொறாது போட்டியாக அளித்தல். அறுபதின்மர் வந்த இல்லத்தை எண்ணி ஐம்பதின்மரை அழைத்தோமே, அது மாத்சரியம். வந்தவர் முகம் ஒன்றும் துணைவியார் நெஞ்சில் நில்லாமல் போனது அஸ்மரணம். ஆயின் அக்குற்றம் அவருடையது அன்று. அவரை அந்நிலைக்கு ஆளாக்கிய எம்முடையது.

4. முன்னோர் காட்டிய வழி

இல்லறத்தார் ஒழுக்கத்தை வகுத்த சமந்தபத்திரரே கொடிய பிணியுற்றவர் என்பது மரபு வரலாறு. உண்ட உணவெல்லாம் உடனே எரிந்து, பசி தணியாத பஸ்மக நோய் அவரைப் பற்றியது. சல்லேகனை ஏற்க ஆசானிடம் இசைவு வேண்டினார். ஆசான் இசையவில்லை. முனிகோலத்தை நீக்கி, நோய்க்கு வேண்டிய உணவை உண்டு, உடல் தேறியபின் மீண்டும் தீட்சை கொள்ளுமாறு பணித்தார். சமந்தபத்திரர் அவ்வாறே செய்து, நோய் நீங்கி, மீண்டும் தவநெறியில் நின்றார். மாவிரதமே நோயின் பொருட்டு ஒரு காலம் ஒதுக்கி வைக்கப்பட்டதென்றால், நம் பந்தியில் இரண்டு பதார்த்தம் குறைவது எவ்வளவு சிறிது!

இந்த யுகத்தின் முதல் ஆகாரதானம் யாது? ஓராண்டுக்கும் மேலாக உணவின்றியிருந்த ஆதிபகவானுக்கு அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் அளித்த கருப்பஞ்சாறு. அந்நாளையே அட்சய திருதியை எனப் போற்றுகின்றோம். பகவானுக்கு யாது அளிப்பதென அறியாத மக்கள் மணியும் பொன்னும் யானையும் கொண்டு வந்து நின்றனர், அவை ஏற்கப்படவில்லை. ஏற்கப்பட்டது கையளவு சாறே.

கௌசாம்பியில் வணிகன் ஒருவனின் இல்லத்தில் விலங்கு பூட்டப்பட்டிருந்த சந்தனை, தனக்கு அளிக்கப்பட்ட வரகுச் சோற்றை மண் அகலில் ஏந்தி மகாவீர பகவானுக்கு அளித்தாள். விருந்துக்குரிய நிலை அவளிடம் யாதொன்றும் இல்லை. உள்ளதை, உள்ள நிலையில், உள்ளன்போடு அளித்தாள். விலங்கு அறுந்தது என்கின்றன புராணங்கள். பின்னாளில் மகாவீர சங்கத்தின் 36,000 ஆர்யிகைகளுக்கும் தலைவியாக விளங்கியவள் அவளே. நோயென்னும் விலங்கு பூட்டிய கைகளுக்குச் சந்தனை வரலாறு பெரும் ஆறுதல். அந்த அகல் நிறைய வேண்டும் என்று பகவான் எதிர்பார்க்கவில்லை.

5. இரண்டு ஐயங்கள்

“தாம் அளிக்க வேண்டியதைப் பிறர்மேல் சாட்டுதல் பரவியபதேசம் என்னும் அதிசாரம் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகின்றதே, அங்ஙனமாயின் சமையலைப் பிறரிடம் ஒப்படைப்பது குற்றமன்றோ?” என வினவலாம். குற்றமன்று. ஆற்றல் இருந்தும் சாக்குக் கூறி நழுவுவதே குற்றம். ஒரு செயல் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினைக்குக் காரணமாகும் என்பது நம் கொள்கை. தீவினையில் இம்மூன்றுக்கும் அஞ்சும் நாம், நல்வினையில் மட்டும் கையால் செய்தலே அறம் எனக் கருதுவது எங்ஙனம் பொருந்தும்? நாற்காலியில் அமர்ந்து, முறைகூறி, பிறர் செய்வதைக் கண்டு உளமார மகிழும் நோயாளியும் அத்தானத்தில் பங்குடையவரே.

“எளிமையாக நடத்தினால் நோன்பிருந்தவர்க்கு மதிப்புக் குறைவன்றோ?” என்பது அடுத்த ஐயம். இங்கும் உண்மை வேறாக உள்ளது. நெடுநாள் உணவின்றியிருந்த உடல் முதல் வேளையிலேயே மிகுந்த உணவைத் தாங்காது. திடீரென மிகுதியாக உண்டால் இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் முதலிய உப்புகளின் அளவு சரிந்து இதயத்துக்கே கேடு நேரலாம் என்பர் மருத்துவர். பத்து நாள் நோற்றவர்க்கு வேண்டியது சிறிது கஞ்சியும் பாசிப்பருப்பு நீரும் ஆகும். அதன்பின் படிப்படியாகவே மற்ற உணவு. அன்று எம் தமக்கையார் இலையில் வைத்த வடையையும் பாயசத்தையும் தொடவில்லை. அவை யாருக்காகச் செய்யப்பட்டன? எம் பெருமைக்காக.

6. கைக்கொள்ள வேண்டுவன

விருந்தளிக்கும் இல்லத்தார்க்கு:

(1) நோயுடையவரைக் கேட்டபின்னரே நாளையும் எண்ணிக்கையையும் முடிவு செய்க. அழைத்த பின் கேட்பது கேட்பதாகாது.

(2) அழைக்கும்போதே, “இல்லத்தில் உடல்நலக் குறைவு, எளிய உணவு, இத்தனை மணிக்கு முடியும்” என்று கூறிவிடுக. இதில் நாணம் வேண்டா.

(3) நோயின் பொழுதறிந்து விருந்தின் பொழுதை வகுக்க. காலை விறைப்புடையவர் இல்லத்தில் எட்டு மணிக்கு மாறாகப் பத்து மணி. மாலைச் சிற்றுண்டியாயின் கதிரவன் மறைவதற்கு ஒன்றரை மணி முன்னரே பந்தி முடிய வேண்டும். பாத்திரம் ஒழிப்பதற்கும் நோயாளி உண்பதற்கும் பகல் மிஞ்ச வேண்டும் அன்றோ!

(4) மரபு இசையும் வேலைகளை முன்னரே முடிக்க. அரைத்த மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாளும், கோடையில் 5 நாளும், குளிர்காலத்தில் 7 நாளும் வரையறை உண்டு. நன்கு கொதித்த நீர் 24 மணி நேரத்துக்கு ஆகும். அவ்வரையறைக்குள் வேலையைப் பல நாளுக்குப் பங்கிட்டால் ஒரு காலையின்மீது சுமை முழுதும் விழாது.

(5) பதார்த்தங்களைக் குறைக்க. சோறு, பருப்பு, ஒரு கூட்டு, மிளகு ரசம், மோர் என்பது குறைவான விருந்தன்று.

(6) தேங்காய் துருவுதல், மாவு பிசைதல், அண்டா இறக்குதல், ஈரத்துணி பிழிதல் ஆகியன முடக்குவாதக் கைகளுக்கு ஆகா. இவை ஆடவர் ஏற்க வேண்டிய பணிகள்.

(7) நோயாளி இறுதியில் உண்ணும் வழக்கத்தை விடுக. நீரிழிவுடையோர் இன்சுலினோ மாத்திரையோ கொண்டபின் உணவைத் தள்ளிப்போடுதல் ஆபத்து. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் நடுக்கம், வியர்வை, மயக்கம் தோன்றும். நினைவுடன் இருப்பின் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகச் செய்து, 15 நிமிடத்துக்குப்பின் மீண்டும் பார்க்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாது மருத்துவரை நாடுக. விருந்து நாளென்று எந்த நோய்க்குரிய மருந்தையும் தாமாக நிறுத்துதல் கூடாது.

(8) அன்று காலை நோய் மிகுந்துவிட்டால் விருந்தை ஒத்திவைக்கவோ வேறோர் இல்லத்துக்கு மாற்றவோ தயங்காதீர். முதலிலேயே அதற்கும் ஓர் இல்லத்தாரோடு பேசி வைத்தல் நன்று.

விருந்தினராகச் செல்வோர்க்கு:

(1) சம்யக்தரிசனத்தின் எட்டு அங்கங்களுள் உபகூகனமும் வாத்சல்யமும் உள்ளன. கோலம் போடாத வாயிலையும் துடைக்காத கூடத்தையும் கண்டால் அங்கேயே மறந்துவிடுக. வெளியில் சென்று உரையாதீர்.

(2) “பார்த்தால் நோயாளி போல் தெரியவில்லையே” என்றும், “இந்தக் கஷாயத்தைக் குடித்தால் பத்து நாளில் போய்விடும்” என்றும் கூறாதிருத்தல் பெரிய உபகாரம்.

(3) “ஏதாவது செய்யட்டுமா?” என்று கேட்டு நிற்காமல், “நான் இலை எடுக்கிறேன், நீங்கள் அமருங்கள்” என்க. கேட்டால் “வேண்டாம்” என்பதே நம் பெண்களின் மறுமொழி.

(4) உண்டவுடன் நெடுநேரம் அமர்ந்து பேசாதீர். மறுநாள் ஒருவேளை உணவு கொண்டுசென்று கொடுத்தால், விருந்துண்டவரும் வையாவிருத்தியம் செய்தவராவர்.

மூன்றாம் அங்கமாகிய நிர்விசிகித்சைக்கு எடுத்துக்காட்டாகச் சமந்தபத்திரர் குறிப்பது உத்தாயன மன்னனை. பிணியுற்ற முனிவர் வடிவில் வந்தவர் உண்ட உணவைக் கக்கியபோதும் அருவருக்காது, தன் கையால் துடைத்துப் பணி செய்தவன் அவன். அரசனே தன் கையால் செய்தான் என்பதை ஆடவராகிய நாம் நினைவிற் கொள்வோமாக.

7. மறு ஆண்டு

மறு ஆண்டும் தமக்கையார் தசலட்சண உபவாசம் ஏற்றார். இம்முறை யாம் முதலில் துணைவியாரைக் கேட்டோம். சிறிது நேரம் எம்மையே பார்த்திருந்து, “பன்னிரண்டு பேர். ஒன்பதரை மணி” என்றார். பாரணை தாமதமாவதற்குப் பொறுத்தருள வேண்டுமெனத் தமக்கையாரிடம் கூறியபோது அவர், “பத்து நாள் பொறுத்தவளுக்கு ஒன்றரை மணி நேரம் பெரிதா? போன வருடம் அவள் கையைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் கஞ்சியே இறங்கவில்லை. நீ சொல்வாய் சொல்வாய் என்று இருந்தேன்” என்றார். எம் கண்ணுக்குப் புலப்படாதது அவர் கண்ணுக்குப் புலப்பட்டிருக்கின்றது!

தம்பி மனைவியரும் மருமகளும் விடிந்ததும் நீராடி வந்து அடுக்களையை ஏற்றனர். தேங்காய் துருவியது யாம். மூன்று மூடிக்கே எம் மணிக்கட்டு வலித்தது. அடுக்களை வாயிலில் நாற்காலியில் அமர்ந்து துணைவியார் உப்பும் பதமும் சொன்னார். ஒன்பதரை மணிக்குக் கைகள் சற்று இளகியிருந்தன. பாசிப்பருப்பு நீர் நிறைந்த சிறு கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி, முதற்கரண்டியைத் தமக்கையார்க்கு அவரே அளித்தார். பின் அனைவரோடும் அமர்ந்து உண்டு, மாத்திரையும் கொண்டார்.

நோய் நீங்கிவிடவில்லை. மறுநாள் அவர் கை வீங்கியே இருந்தது. ஆயினும் மாலையில் வந்தவர் பன்னிருவரின் பெயரையும் சொல்லி, யார் இளைத்திருக்கின்றார், யார் பேத்திக்குத் திருமணம் கூடியிருக்கின்றது என ஒவ்வொன்றாக எம்மிடம் கூறிக்கொண்டிருந்தார். பாத்திரங்களின் கனத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை.

சிந்தனைக்கு:

(அ) நம் இல்லத்தில் நெடுநாள் நோயுடையவர் யார்? கடைசியாக நடந்த விருந்தில் அவர் எப்பொழுது உண்டார்?

(ஆ) நாம் அழைத்த எண்ணிக்கை அன்பினால் வந்ததா, போட்டியினால் வந்ததா?

(இ) அடுத்த முறை விருந்துண்ணச் செல்லும்போது எந்த ஒரு வேலையை நாம் கேளாமலே ஏற்போம்?

இம்மூன்றுக்கும் விடையை இல்லத்தார் அனைவரும் ஒருங்கமர்ந்து கூறிக்கொள்வது நன்று. நோயுடையவர் விடையை முதலில் கேட்போமாக.

அறம் வளர்க!